கையில் இரண்டு பட்டை, எதிரில் பழைய நண்பன்

கேள்வி:

வணக்கம் சாப். எனக்கு வயது 31. காலாட்படையில் 12 வருட சர்வீஸ். எல்லா மாநிலத்து ஆட்களும் கலந்த பட்டாலியன் எங்களுடையது. ஆறு மாதத்துக்கு முன் நாயக் ஆனேன், சட்டைக் கையில் இரண்டு பட்டை. செக்‌ஷன் ஹவில்தார், அதாவது எங்கள் பத்துப் பேர் குழுவின் தலைவர், கோர்ஸுக்குப் போயிருப்பதால் செக்‌ஷன் இப்போது என் கையில்.

ட்ரெய்னிங் சென்டரில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் இன்று என் கீழே சிப்பாயாக இருக்கிறான். மேப் ரீடிங்கில் இரண்டு முறை தவறியதால் அவனுக்கு இன்னும் பட்டை வரவில்லை. ஃபாலினுக்கு (வரிசையில் கூடி நிற்பதற்கு) வேண்டுமென்றே தாமதமாக வருகிறான். வேலை சொன்னால் எல்லோர் முன்னாலும் "என்னடா, பெரிய நாயக் ஆயிட்டியா?" என்கிறான். என் கல்யாணத்துக்கு நான் ஊருக்குப் போக வேண்டும் என்று தன் லீவைத் தள்ளிப்போட்டவன் அவன். பட்டாலியனிலேயே எல்.எம்.ஜி. என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியைச் சுடுவதில் அவனுக்கு நல்ல பெயர். அவனைப் பற்றி மேலே ரிப்போர்ட் செய்யவும் மனம் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை.

போன மாதம் ஓர் அக்னிவீர் பையன் ரைஃபிளைச் சரியாகத் துடைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கத்தி, ஒரு தட்டும் தட்டி, மைதானத்தில் உருள வைத்தேன். அன்றிலிருந்து அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

பிளாட்டூன் சுபேதார் சாப் "செக்‌ஷனை கண்ட்ரோலில் வை" என்று மட்டும் சொல்கிறார். எனக்கு ஹிந்தியும் சரளமாக வராது. நானும் ஒருநாள் சுபேதார் ஆக வேண்டும், மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

— வடக்கு எல்லையிலிருந்து ஒரு நாயக்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நானும் சிப்பாயாகச் சேர்ந்து, ஒவ்வொரு பட்டையாக ஏறி, சுபேதாராக ஓய்வு பெற்றவன். கடைசிச் சில வருடங்கள் புதிதாகப் பட்டை வாங்கப் போகிறவர்களுக்குக் கேடர் வகுப்பு எடுத்தேன். ஆயுதம், டிரில், மேப் எல்லாம் வகுப்பில் கேட்பார்கள். நீங்கள் கேட்டிருப்பதை மட்டும் வகுப்பு முடிந்த பிறகு, யாரும் பக்கத்தில் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். நீங்கள் எழுதிக் கேட்டது நல்லது.

நண்பனைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனைப் பற்றி மூன்றே வரி. நான் பையனிடமிருந்து தொடங்குகிறேன். நண்பன் விஷயம் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். இது காத்திருக்காது.

"ஒரு தட்டும் தட்டி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, தனக்குக் கீழே உள்ளவர் மேல் கை வைப்பதையும் அவரைக் கொடுமைப்படுத்துவதையும் குற்றம் என்கிறது. கோர்ட் மார்ஷலில் நிரூபணமானால் 7 வருடம் வரை சிறை. தனக்கு அநியாயம் நடந்தது என்று நினைக்கும் சிப்பாய் புகார் கொடுக்க 26-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தண்டனை கொடுக்கும் அதிகாரம் நாயக்குக்குக் கிடையாது. 80-ஆம் பிரிவில் அது கமாண்டிங் ஆபீசரிடம் இருக்கிறது. மைதானத்தில் உருள வைப்பதெல்லாம் பழக்கத்தில் வந்தது, சட்டத்தில் வந்ததில்லை.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "எங்க காலத்துல பயிற்சி உஸ்தாத் கிட்ட அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்று நம்மில் பலரும் சொல்வோம். நானும் அடி வாங்கியிருக்கிறேன். என்ன கற்றுக்கொண்டேன் என்று பின்னாளில் யோசித்துப் பார்த்தேன். அந்த உஸ்தாத் வருகிற நேரம் எது, அவர் ரைஃபிளில் எந்த இடத்தை முதலில் பார்ப்பார், அவர் வராத நாள் எது, இவற்றைத்தான் கற்றுக்கொண்டேன். அவர் லீவில் போன வாரம் எங்கள் ஸ்குவாடில் ஒருவனும் ரைஃபிளைத் தொடவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. திட்டியது எல்லோர் முன்னாலும். அதனால் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் பாதிதான் சரியாகும். நாளைக் காலை செக்‌ஷன் சேர்ந்து நிற்கும்போது இரண்டு வரி சொல்லுங்கள். "அன்றைக்கு நான் கை நீட்டியது தப்பு. இனி நடக்காது. ரைஃபிள் அழுக்காக இருந்ததும் தப்புதான், அதுவும் இனி நடக்கக் கூடாது." உடைந்த ஹிந்தியில் சொன்னாலும் போதும், புரியும். நீட்டி முழக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் பயம் போய்விடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். போகட்டும். அந்தப் பயத்தை வைத்து ஒரு வேலையும் உருப்படியாக நடக்காது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்களே.

அன்று மாலையே ஆயுதம் துடைக்கும் நேரத்தில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் ரைஃபிளையும் பிரியுங்கள். பிஸ்டனில், கேஸ் சிலிண்டருக்குள், சேம்பரில் கரி எங்கே படிகிறது என்று காட்டுங்கள். அதை விட்டுவைத்தால் எந்த இடத்தில் சிக்கும், சிக்கினால் அந்த நேரத்தில் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். ட்ரெய்னிங் சென்டரில் ஒரு முறை சொல்லித்தந்ததை நாற்பது பேரில் ஒருவனாக நின்று கேட்டிருப்பான். பக்கத்தில் உட்கார்ந்து யாராவது காட்டினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பையன் எந்த நிலைமையில் வந்திருக்கிறான் என்பதையும் யோசியுங்கள். 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் வந்தவன். நான்கு வருடம். அதன் முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். வருடத்துக்கு 30 நாள் லீவு அவனுக்கு. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் வழக்கமான சிப்பாய்க்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் கேஷுவல் லீவும் இருக்கிறது. ஒரே கூரை, ஒரே ட்யூட்டி, கணக்கு மட்டும் வேறு. அதை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் "என்னை வைத்துக்கொள்வார்களா" என்ற கேள்வி அவன் தலைக்குள் தினமும் ஓடுகிறது. அப்படிப்பட்ட ஒருவனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தும்போது, "நீ நாலில் ஒன்று இல்லை" என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னதாகத்தான் அவனுக்குக் கேட்கும்.

அவன் யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் மட்டும் பேசவில்லை என்றால் கோபம். யாரிடமும் பேசவில்லை என்றால் கவனிக்க வேண்டிய விஷயம். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வரும்போது முகம் எப்படி இருக்கிறது, தன் சாமான்களை யாருக்காவது கொடுக்கிறானா என்று பாருங்கள். இதையெல்லாம் பார்க்கக் கூடிய தூரத்தில் பட்டாலியனில் இருப்பவர்கள் இரண்டே பேர்: அவனோடு ஜோடியாக இருக்கும் பட்டி (buddy) சிப்பாயும் நீங்களும். கம்பெனி கமாண்டர் அவனைப் பரேடில் பார்க்கிறார். நீங்கள் அவன் செருப்பில்லாமல் பல் துலக்குவதைப் பார்க்கிறீர்கள். மேலே சொன்னவற்றில் ஏதாவது தென்பட்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ, அவனைத் தனியே விடாதீர்கள். ஆயுத ட்யூட்டியிலிருந்து அவனை மாற்றச் சொல்லி அன்றே, அந்த மணி நேரத்திலேயே, சுபேதார் சாபிடமும் ரெஜிமென்டல் மெடிக்கல் ஆபீசரிடமும் கொண்டு போங்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416-ஐயும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்வதைக் காட்டிக்கொடுப்பது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பெரும்பாலும் விஷயம் வீட்டில்தான் இருக்கும். நிலத் தகராறு, அப்பாவின் கடன், தங்கை கல்யாணம். இதற்கெல்லாம் பட்டாலியனில் வழி உண்டு என்பதே புதுப் பையன்களுக்குத் தெரியாது. நிலத் தகராறு என்றால் மனு எழுதிக் கொடுத்தால் கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தில் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் போகும். நான் நாயக்காக இருந்தபோது அப்படி ஒரு பையனுக்காகக் கம்பெனி கிளார்க் முன்னால் மூன்று மாலை உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் போய் என்ன ஆயிற்று என்பது அப்புறம். மூன்று மாலை உட்கார்ந்ததை அந்தப் பையன் மறக்கவில்லை, இன்றும் போன் செய்கிறான்.

இப்போது நண்பனுக்கு வருகிறேன். ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் நாயக் ஆன புதிதில் ஒரு பனிக்காலம், மலை மேல் ஒரு போஸ்ட். செக்‌ஷனில் எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். இரவு 2 முதல் 4 வரை உள்ள சென்ட்ரி, அதாவது காவல் முறைதான் எல்லாவற்றிலும் கொடுமை. முன் தூக்கமும் போய், பின் தூக்கமும் போய்விடும். அந்த நேரம் அவருக்கு வராதபடி பட்டியல் போட்டேன். வேண்டுமென்றே செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாக அப்படி எழுதியது. பட்டியலைப் பங்கர் கதவுக்குப் பின்னால் ஒட்டுவது வழக்கம். மூன்றாவது வாரம் ஒருநாள் விளக்கைப் பிடித்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சின்னச் சின்னதாகப் பென்சில் கோடுகள். இரண்டு, மூன்று, மூன்று, நான்கு. யாரோ எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நண்பர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை.

யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒருவரும் என்னிடம் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, வேலையிலும் குறை வைக்கவில்லை. ஆனால் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அன்று இரவே பட்டியலைக் கிழித்து முறை வைத்து எழுதினேன். முதல் 2–4 நண்பருக்கு. இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினார்.

தலைமை என்றவுடன் நாம் எதிரியின் குண்டு மழையை நினைக்கிறோம். உங்கள் கையில் இன்றைக்கு இருப்பது அது இல்லை. கம்பெனி ஹவில்தார் மேஜர் "உன் செக்‌ஷனிலிருந்து ஃபட்டீக் உடலுழைப்பு வேலைக்கு மூன்று பேர்" என்று கேட்கிறார். எந்த மூன்று பேர் என்பது உங்கள் வாயிலிருந்து வருகிறது. லீவு லிஸ்டில் யாருடைய பண்டிகை, யாருடைய பிள்ளையின் பரீட்சை முன்னால் வருகிறது என்பதில் உங்கள் சிபாரிசு இருக்கிறது. நீங்கள் நாயக், சென்ட்ரி நிற்க வேண்டியதில்லை, கார்டு கமாண்டர். சரி, 2–4 நேரத்தில் எழுந்து போய் அந்தச் சென்ட்ரியைப் பார்த்தீர்களா? உங்கள் ஆட்கள் எல்லோரும் இவற்றை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நண்பன் தாமதமாக வரும்போது நீங்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்க்கிறீர்களே, அதையும் சேர்த்து.

அதனால் முதலில் பட்டியலைச் சரி செய்யுங்கள். கடந்த ஆறு மாதத்தில் யார் எத்தனை முறை எந்த ட்யூட்டி செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். உங்கள் நண்பனுக்குக் குறைவாக வந்திருக்கிறதா? அல்லது மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று அவனுக்குக் கூடுதலாகப் போட்டீர்களா? இரண்டாவதும் நடக்கும். நட்பு இல்லை என்று காட்டுவதற்காக நண்பனை வதைக்கிற நாயக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இனி பட்டியலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஏன் இப்படி என்று யார் கேட்டாலும் நோட்டைத் திறந்து காட்டுங்கள்.

பட்டியல் சரியான பிறகுதான் நண்பனிடம் பேச வேண்டும். பாரக்கில் வேண்டாம். சாயங்காலம் கேம்ஸ் முடிந்து திரும்பும்போது இரண்டு பேரும் நடந்தபடி பேசுங்கள், நேருக்கு நேர் உட்காராமல். "நான் உனக்கு மேலே" என்ற தொனியே வேண்டாம், அது அவனுக்குத் தெரியும், அதுதான் அவனுக்கு வலி. கல்யாணத்துக்கு லீவு விட்டுக்கொடுத்ததை நீங்கள் மறக்கவில்லை என்று முதலில் சொல்லுங்கள். உண்மையாகச் சொல்ல முடிகிற ஆள் நீங்கள், எனக்கு எழுதிய கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். பிறகு கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: "தனியா இருக்கும்போது நீ என்னை டா போட்டுக் கூப்பிடு. ஃபாலின்ல நிக்கும்போது மட்டும் வேண்டாம். நீ லேட்டா வந்தா, மத்தவனுக்குச் சொல்றதைத்தான் உனக்கும் சொல்வேன். அதுக்கு மேல போனா ரிப்போர்ட்தான். அப்பவும் உன்கிட்ட முன்னாலேயே சொல்லிட்டுத்தான் போவேன்." சொன்ன பிறகு அவன் பேசட்டும். நிறையப் பேசுவான், சிலது சுருக்கென்று இருக்கும். குறுக்கே பேசாதீர்கள்.

அடுத்த முறை தாமதமாக வந்தால் சொன்னபடி செய்ய வேண்டும். முதல் முறையே. அங்கே தளர்ந்தால் இந்தப் பேச்சு பேசாமலே இருந்திருக்கலாம்.

அவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மேப் ரீடிங்கில் இரண்டு முறை தவறியவன். எல்.எம்.ஜி.யில் பட்டாலியனிலேயே பெயர் வாங்கியவன். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுக்கு மரியாதை இல்லை, தெரியாத ஒன்றால் தான் கீழே நிற்கிறோம் என்று தினமும் நினைக்கிறான். செக்‌ஷனில் எல்.எம்.ஜி. பயிற்சியை அவனிடம் கொடுங்கள். "இவன் சொல்லிக் கொடுப்பான், நானும் கேட்கப் போகிறேன்" என்று சொல்லி நீங்களும் வரிசையில் உட்காருங்கள். உண்மையில் அவனுக்கு உங்களைவிட அதிகம் தெரியும் என்றால் அதைச் சொல்வதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த அக்னிவீர் பையனையே அவனுடைய நம்பர் 2-வாக, துப்பாக்கியில் உதவியாளாகப் போடலாம். மேப் ரீடிங்கை நீங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு மாலை போதும். கிரிட் ரெஃபரன்ஸ் (மேப்பில் இடத்தைக் குறிக்கும் எண்), பேரிங் (திசைக் கோணம்), கான்டூர் (உயரக் கோடுகள்), இந்த மூன்றில்தான் நம் ஆட்கள் விழுவார்கள். கான்டூரை மேசை மேல் படிக்காதீர்கள். போஸ்ட்டிலிருந்து எதிரே தெரியும் மலையைக் காட்டி, அதே மலையை மேப்பில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் புரியாத பலருக்கு அங்கே சட்டென்று புரிந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அவன் மாறாமல் இருக்கலாம். எல்லா நட்பும் பட்டையைத் தாண்டி வருவதில்லை, எனக்கே ஒன்று வரவில்லை. அப்படியானால் வேறு செக்‌ஷனுக்கு மாற்றச் சொல்லிச் சுபேதார் சாபிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் மேலே சொன்னதையெல்லாம் செய்து பார்த்த பிறகு கேளுங்கள்.

"கண்ட்ரோல்" என்று உங்கள் சுபேதார் சாப் சொன்ன வார்த்தை உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. அவர் சத்தத்தைக் கேட்கிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நேரில் போய்க் கேளுங்கள்: "சாப், எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள்?" பெரும்பாலும் பதில் ரொம்பச் சின்னதாக இருக்கும், ஃபாலினில் ஓர் ஆள் குறைகிறது, ஆயுதக் கணக்கு தாமதமாகிறது என்று.

உங்களைப் போல ஒரு நாயக்கின் கதை நம் எல்லோருக்கும் ரெக்ரூட் காலத்தில் சொல்லியிருப்பார்கள். 1948 பிப்ரவரி 6, ஜம்மு-காஷ்மீரில் நௌஷேரா பக்கம் தைன் தார். ராஜ்புத் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த நாயக் ஜதுநாத் சிங், ஒன்பது பேர் கொண்ட முன்னணி செக்‌ஷன் போஸ்ட்டுக்குப் பொறுப்பு. முதல் தாக்குதலில் நான்கு பேருக்குக் காயம். இருந்தவர்களைத் திரும்ப வரிசைப்படுத்தி அடுத்த தாக்குதலுக்குத் தயாரானார். இரண்டாவதில் அவர் உட்பட எல்லோருக்கும் காயம், பிரென் இயந்திரத் துப்பாக்கியை அவரே எடுத்துச் சுட்டார். மூன்றாவதில் தனியாளாக ஸ்டென் கன்னோடு வெளியே பாய்ந்து எதிரியைக் கலைத்து, அங்கேயே உயிர் விட்டார். பரம் வீர் சக்ரா கிடைத்தது. பாசறையில் இந்தக் கதையைச் சொல்லும்போது கடைசிப் பாய்ச்சலைத்தான் சொல்வோம். எனக்கு அந்த நடுப்பகுதிதான் மனதில் நிற்கிறது. அடி வாங்கிய ஆட்களை இரண்டு தாக்குதலுக்கு நடுவே ஒரு குரல் திரும்ப நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்தக் குரலுக்கு அந்த நேரத்தில் ஆட்கள் எழுந்து வந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் அந்த ஆட்களை அவர் எப்படி வைத்திருந்தார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. எனக்கு அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

இதுவரை பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 9 பேர், சிப்பாய் முதல் சுபேதார் வரையான நம் வரிசையில் நின்றவர்கள். 1971-இல் இன்றைய வங்கதேசத்தின் கங்காசாகரில் உயிர் கொடுத்த ஆல்பர்ட் எக்கா லான்ஸ் நாயக், ஒரே ஒரு பட்டை. "நாம சாதாரண ஆட்கள்தானே சாப்" என்று வகுப்பில் யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது.

அடுத்து உங்கள் படிப்பும் முன்னேற்றமும். இதில் நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழி தெளிவாகவே இருக்கிறது. நாயப் சுபேதார் வரை போக வேண்டுமானால் ஆர்மி கல்விச் சான்றிதழ், மேப் ரீடிங், கேடர், உடல்தகுதியில் ஷேப் 1 என்ற முதல் தரம், நல்ல ஏ.சி.ஆர். (ஆண்டு ரகசிய அறிக்கை), அப்புறம் சுத்தமான கான்டக்ட் ஷீட் (தண்டனைப் பதிவு) வேண்டும். கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். பையன் புகார் கொடுத்து உங்கள் பெயரில் ஒரு சிவப்பு மை என்ட்ரி, அதாவது பெரிய தண்டனையின் பதிவு, விழுந்திருந்தால், பன்னிரண்டு வருட உழைப்பு ஒரு தட்டில் போயிருக்கும். உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் எந்தச் சான்றிதழ் இன்னும் ஏறவில்லை என்று இந்த வாரமே கிளார்க்கிடம் உட்கார்ந்து பாருங்கள். பாஸ் செய்தது பார்ட் 2 ஆர்டர் என்ற அலுவலகப் பதிவில் வராமல் விட்டுப்போய், பிரமோஷன் நேரத்தில் கண்ணீர் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பெலகாவியில் ஜூனியர் லீடர்ஸ் விங்கில் நடக்கும் செக்‌ஷன் கமாண்டர் கோர்ஸுக்கு உங்கள் பெயரைக் கேட்டு வாங்குங்கள். உடம்பை முறிக்கும் கோர்ஸ், ஆனால் பத்துப் பேரை வைத்து யோசிக்கிற விதமே மாறிவிடும். ஆபீசர் ஆகும் வழிகளில் டேராடூனின் ஆர்மி கேடட் காலேஜ் உங்களுக்கு வயது கடந்துவிட்டது, அங்கே மேல் வரம்பு 27. ஆனால் உங்கள் செக்‌ஷனில் 22, 23 வயதில் பன்னிரண்டாவது நன்றாகப் படித்த வழக்கமான சிப்பாய் யாராவது இருப்பானே? அப்படி ஒரு வழி இருப்பது அவனுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். எனக்கு 29 வயதில்தான் ஒருவர் சொன்னார். இரண்டு வருடம் தாமதம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தச் சிப்பாயிடம் சொல்லுங்கள்.

பட்டப்படிப்புக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேருங்கள், போஸ்டிங் மாறினாலும் தொடரலாம். ஒரு வருடத்தில் எல்லாப் பேப்பரும் எழுத வேண்டும் என்று வீம்பு பிடிக்காதீர்கள். ஃபீல்டில் இருக்கும் வருடம் இரண்டு பேப்பர் எழுதினால் போதும். இரவு போனில் போகிற ஒரு மணி நேரத்தில் பாதியை எடுத்தாலே அதற்குப் போதும். வீட்டோடு பேசுகிற நேரத்தை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

ஹிந்திக்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்குப் பலித்தது. நாளை கொடுக்கப் போகும் ஆர்டரை இன்று இரவே தமிழ் எழுத்தில் ஹிந்தியில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேலை, யார் யார், எத்தனை மணிக்கு, என்ன சாமான், முடிந்ததும் யாரிடம் சொல்வது. ஐந்து வரி. அதை அந்த அக்னிவீர் பையனுக்கு ஹிந்தி தாய்மொழி என்றால் அவனிடம் படித்துக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். உங்களைத் திருத்துகிற உரிமையை ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள், அவன் வாய் திறக்கும்.

இன்னும் ஒன்று மட்டும். உங்கள் ஹவில்தார் சீக்கிரம் கோர்ஸிலிருந்து திரும்பி வந்துவிடுவார். அன்று செக்‌ஷனை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டாமவராக நிற்க வேண்டும். இந்த மாதங்களில் செய்ததெல்லாம் "என் செக்‌ஷன்" என்று மனதில் ஒட்டியிருக்கும், விட்டுக்கொடுக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ட்யூட்டிக் கணக்கு எழுதிய அந்த நோட்டை அவரிடம் கொடுங்கள். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வீட்டில் என்ன பிரச்சினை, அடுத்த லீவு எப்போது, எதில் கெட்டி, எதில் தேற வேண்டும் என்று எழுதியிருங்கள். உங்கள் நண்பனின் பக்கத்தில், அவன் மூன்றாவது முறை மேப் ரீடிங் எழுதப் போகும் தேதியும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு சுபேதார்